கேளுங்கோ சொல்லுறன்: தேன் போத்தலில இருந்து ஈர நெல்லு வரைக்கும்

இந்த முறை வந்த கேள்வியளைப் பிரிச்சுப் பாத்தா அரைவாசிக்கு மேல நிறுக்கிறது, அளக்கிறது, கலப்படம் பிடிக்கிறது பற்றித்தான் இருக்குது. காலபோக நெல்லு வெட்டி முடிஞ்ச கையோட எல்லா இடமும் தராசுச் சண்டை தொடங்கியிருக்கும் போல. சரி எண்டு அதுகளையே ஒண்டாச் சேர்த்து எடுத்திட்டன், யானை வேலி பற்றிக் கேட்டவை அடுத்த இதழ் மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கோ.

கேள்வி: காட்டுத்தேன் எண்டு சொல்லி ஒரு போத்தல் வாங்கினன் சேர். தேனில தோச்ச நெருப்புக்குச்சி பத்தினா நல்ல தேன், தண்ணிக்குள்ள விட்டாக் கரையாமல் அடியில போய் இருந்தா நல்ல தேன் எண்டு சனம் சொல்லுது. ரெண்டும் செய்து பாத்தன், ரெண்டிலயும் பாஸ். எண்டாலும் மனம் கேக்குதில்லை. வீட்டில இருக்கிற சாமானை வைச்சு வேற ஏதும் செய்து பாக்கலாமோ?
– ஒரு வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: அந்த ரெண்டையும் நானும் கனகாலமாக் கேள்விப்படுறன் தங்கச்சி, நல்ல தேனை நாய் நக்காது எண்டு மூண்டாவது ஒண்டும் இருக்குது, அதை நாயிட்டயே விடுவம். நெருப்புக்குச்சி பத்துதெண்டா அதில தண்ணி குறைவு எண்டு மட்டும்தான் சொல்லலாம். தண்ணிக்குள்ள விட்ட உடன நேர அடியில போய்ப் படுக்குதெண்டா அது தண்ணியை விட அடர்த்தி கூடினது, கொழகொழப்பும் கூடினது, அவ்வளவுதான். நல்லா முறுகக் காய்ச்சின சீனிப்பாணிக்கும் இதே ரெண்டு குணமும் இருக்குதே, அதால அதுவும் பாஸ்தான்.

கிராம் காட்டுற டிஜிட்டல் தராசு ஒண்டு பக்கத்துக் கடையில எண்டாலும் கிடைச்சா இதைச் செய்து பாருங்கோ. ஒரு வெறும் போத்தலைக் கழுவிக் காயவிட்டு நிறுங்கோ. கழுத்தில ஒரு கோடு கீறிப்போட்டு அந்த மட்டத்துக்குத் தண்ணி விட்டு நிறுங்கோ. பேந்து தண்ணியை ஊத்திப்போட்டு, உள்ள ஒரு சொட்டும் இல்லாமல் காஞ்ச பிறகு, அதே மட்டத்துக்குத் தேனை விட்டு நிறுங்கோ. இப்ப வெறும் போத்தல் 450 கிராம், தண்ணியோட 1200, தேனோட 1505 எண்டு வைப்பமே. அப்ப தண்ணி 750, தேன் 1055. ரெண்டாவதை முதலாவதால பிரிச்சா 1.41 வருகுது. போத்தல் எத்தினை மில்லிலீற்றர் பிடிக்கும் எண்டு தெரியவே தேவையில்லை, தண்ணியும் தேனும் அடைச்ச இடம் ஒண்டுதானே.

இந்த 1.41 எண்டது தேனின்ர சார்படர்த்தி. ஒரு கரண்டி தேன் எடுத்தாலும் ஒரு பீப்பாத் தேன் எடுத்தாலும் அது மாறாது. நிறையும் கனவளவும் அப்பிடியில்லை, எடுக்கிற அளவோட கூடிக் குறையும். எவ்வளவு இருக்குது எண்டு அறியிறதுக்கு ஒரு வகை அளவு, என்ன சாமான் எண்டு அறியிறதுக்கு இன்னொரு வகை அளவு. எனக்கு வாற கேள்வியள்ள முக்கால்வாசி இந்த ரெண்டையும் போட்டுக் குழப்பிறதால வாறதுதான், கீழயும் பாப்பீங்கள்.

நல்ல தேன் 1.40ஐ ஒட்டித்தான் நிக்கும். மழைக்காலத்தில எடுத்த தேனில இயற்கையாவே தண்ணி கொஞ்சம் கூட இருக்கும், அது சாடையாக் கீழ இறங்கினாலும் குற்றமில்லை. 1.35க்கும் கீழ போச்சுதெண்டா ஆரோ தண்ணியோ பாணியோ விட்டிருக்கினம். ஏனெண்டா சாதாரண வெக்கையில தண்ணி ஒரு அளவுக்கு மேல சீனியைக் கரைக்காது, அந்த எல்லையில இருக்கிற சீனிப்பாணியின்ர அடர்த்தி 1.33 அளவிலதான் நிக்கும். அதுக்கு மேல முறுக்கினால் போத்தலுக்குள்ள சீனி கட்டியாப் படியும். (தேனும் உறையும் எண்டதை மறக்காதேங்கோ, உறைஞ்ச தேனைக் கள்ளத்தேன் எண்டு எறிஞ்ச ஆக்களும் இருக்கினம், பாவங்கள்.)

ஆனா குளுக்கோஸ் பாணி கலந்திருந்தா தராசால பிடிக்க ஏலாது, அதின்ர அடர்த்தியை 1.40க்கும் கொண்டுவரலாம். அதுக்கு ஆய்வுகூடம்தான். கரும்பும் சோளமும் காற்றில இருக்கிற காபனை எடுக்கிற விதம் கனக்கப் பூமரங்கள் எடுக்கிற விதத்தில இருந்து வேற, அதால கரும்புச் சீனியிலயும் சோளத்தில செய்த குளுக்கோஸ் பாணியிலயும் காபன்-13 எண்ட பாரமான காபன்ர பங்கு கொஞ்சம் கூட இருக்கும், அதை அளந்து பிடிப்பினம். பனம்பாணி கலந்தா அந்தச் சோதினையும் ஏமாறும், பனை கரும்புக் கூட்டத்தைச் சேராது. ஆனா பனம்பாணியை எங்கட நாக்குக்கு ஒளிக்க ஏலாதே. இன்னொண்டு, நீங்கள் கேக்கேல்லை எண்டாலும் சொல்லுறன்: ஒரு வயசு ஆகாத பிள்ளைக்கு அசல் தேனெண்டாலும் நாக்கில தடவக்கூடாது. அதில இருக்கக்கூடிய ஒரு கிருமி வித்து சின்னக் குழந்தையின்ர குடலுக்குள்ள வளந்து நஞ்சு விடும்.

கேள்வி: யாவாரி ஒரு பிடி நெல்லை மீற்றருக்குள்ள போட்டிட்டு ஈரம் 18 எண்டான். 14 தான் எடுப்பன், அதால 70 கிலோ மூடைக்கு 5 கிலோ கழிவு எண்டு எழுதினான். உது எந்த ஊர்க் கணக்கு? எங்கட அப்புவின்ர காலத்தில புசலால அளந்து குடுத்தவை, மீற்றரும் இல்லை, சண்டையும் இல்லை.
– கமக்காரர் ஒருவர், விசுவமடு

பதில்: கணக்கை முதல் பாப்பம் அண்ணை, சண்டையைப் பேந்து பாப்பம். ஈரம் 18 வீதம் எண்டா 70 கிலோவுக்குள்ள 12.6 கிலோ தண்ணி, மிச்சம் 57.4 கிலோதான் காஞ்ச சாமான். நெல்லைக் காயவிட்டா தண்ணிதான் போகும், அந்த 57.4 அப்பிடியே இருக்கும். 14 வீத ஈரத்துக்கு வரேக்க அந்த 57.4 மொத்தத்தில 86 வீதம் ஆகும். 57.4ஐ 0.86ஆல பிரிச்சா 66.74 கிலோ. அப்ப நியாயமான கழிவு மூண்டே கால் கிலோ. 18இல 14 போக 4, 70க்கு 4 வீதம் 2.8 கிலோ எண்டு சில ஆக்கள் கணக்குப் பாப்பினம், அதுவும் பிழை, அப்பிடிக் கழிச்சா நட்டம் யாவாரிக்கு. ஆனா 5 கிலோ கழிக்கிறதெண்டா உங்கட நெல்லில ஈரம் 20 வீதத்துக்கு மேல இருந்திருக்கோணும். மிச்சம் ஒண்டே முக்கால் கிலோ காயவைக்கிற கூலி, சப்பிக் கழிவு எண்டு அவர் சொல்லுவாரெண்டா அதை வேறயா எழுதட்டும், ஈரத்தின்ர தலையில கட்டக்கூடாது.

14 எண்டது யாவாரி கண்டுபிடிச்ச இலக்கமில்லை. நெல் சந்தைப்படுத்தும் சபையும் 14 வீதத்தைத்தான் கேக்குது. அதுக்கு மேல ஈரமெண்டா கிடங்கில கிடந்து சூடேறி பூஞ்சணம் பிடிக்கும், கனக்கக் காஞ்சு போனாலும் மில்லில குத்தேக்க அரிசி உடையும்.

இனி அந்த மீற்றர். அது நெல்லுக்குள்ள இருக்கிற தண்ணியை நேர பாக்கிறதே இல்லை, கறண்டைத்தான் பாக்குது. ஒரு வகை மீற்றர் நெல்லை நசிச்சு அதுக்குள்ளால கறண்ட் எவ்வளவு சுகமாப் போகுதெண்டு பாக்கும், ஈரம் கூடினா சுகமாப் போகும். மற்ற வகை ரெண்டு தட்டுக்கு நடுவில நெல்லை வைச்சு அது எவ்வளவு மின்னேற்றத்தைப் பிடிச்சு வைக்க உதவுதெண்டு பாக்கும். அந்தக் குணத்தில தண்ணிக்கு இலக்கம் 80 கிட்ட, காஞ்ச தானியத்துக்கு ஒரு சின்ன இலக்கம்தான், அதால கொஞ்ச ஈரம் கூடினாலும் முள்ளு ஏறும். பேந்து மீற்றருக்குள்ள இருக்கிற அட்டவணை இவ்வளவு கறண்டெண்டா இவ்வளவு ஈரம் எண்டு ஊகிச்சுச் சொல்லுது. நெல்லுக்கு வைக்கவேண்டியதைச் சோளத்துக்கு வைச்சா, இல்லாட்டி றோட்டில கொதிக்கக் காஞ்ச நெல்லை ஆறவிடாமல் உடன போட்டா, ஊகம் பிழைக்கும். மூடையின்ர வாயில எடுத்த பிடியும் அடியில எடுத்த பிடியும் ஒரே ஈரமா இராது, அதால ஒரு பிடியோட தீர்ப்புச் சொல்ல விடாதேங்கோ, நாலைஞ்சு மூடையில மேலயும் கீழயும் எடுத்துக் கலந்து, ரெண்டு மூண்டு தரம் பாக்கச் சொல்லுங்கோ. சரியான சோதினை எண்டா நெல்லை நிறுத்து, சூடடுப்பில 105 பாகைக்குக் கிட்ட வைச்சு, நிறை இனிக் குறையாது எண்டு நிக்கும் வரைக்கும் காயவிட்டுத் திரும்ப நிறுக்கிறது. மீற்றரையே அதோட ஒப்பிட்டுத்தான் சரிபார்க்கிறவை.

புசல் காலத்தில சண்டை இல்லை எண்டு சொல்லுறதை நான் நம்பமாட்டன், சண்டை வேற ஆளோட, அவ்வளவுதான். புசல் எண்டது ஒரு இடத்தை அடைக்கிற அளவு, 36 லீற்றர் சொச்சம். நல்ல நெல்லெண்டா ஒரு புசல் கிட்டத்தட்ட 21 கிலோ வரும். இப்ப 21ஐ 36ஆல பிரிச்சுப் பாருங்கோ, 0.58 வருகுது, தண்ணியில அரைவாசிக்குச் சாடையா மேல. ஆனா ஒரு நல்ல நெல்மணியைத் தண்ணியில போட்டாத் தாளுதே! புசலுக்குள்ள நெல்லோட காத்தையும் சேத்துத்தான் அளக்கிறம், அதுதான் காரணம். சப்பி நெல்லு கூடினா புசல் நிரம்பும், பாரம் இராது, வாங்கிறவன் ஏமாறுவான். கிலோவில நிறுத்தா சப்பியால ஏமாத்த ஏலாது, ஈரத்தால ஏமாத்தலாம். புசலில இருந்து தராசுக்கு மாறின நாளே ஏமாத்துற வழியும் மாறிப்போச்சு, அதாலதான் மீற்றர் வந்தது. தராசு பற்றிச் சந்தேகம் இருந்தா அதில அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் திணைக்களத்தின்ர முத்திரை இருக்குதோ எண்டு பாருங்கோ, 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் அவைக்கு அந்த அதிகாரத்தைக் குடுக்குது, முத்திரை இல்லாத தராசால யாவாரம் செய்யேலாது.

கேள்வி: லண்டனில இருக்கிற மகளுக்கு ஒடியல்மா, மிளகாய்த்தூள், புழுக்கொடியல் எல்லாம் 20 கிலோ கட்டி அனுப்பினன். அங்க நிறுக்கேக்க ஒரு கிலோ குறையுதாம். பேரன் சொல்லுறான், அம்மம்மா, பூமியின்ர ஈர்ப்பு இடத்துக்கு இடம் மாறும், அதாலதான் எண்டு. மெய்யே?
– ஒரு அம்மம்மா, மல்லாவி

பதில்: பேரன் கெட்டிக்காரன், ஆனா வழக்கில தோத்திட்டான். ஈர்ப்பு மாறுறது மெய்தான். பூமி சுத்துறதாலயும் நடுவில கொஞ்சம் உப்பி இருக்கிறதாலயும் நடுக்கோட்டுக்குக் கிட்ட இருக்கிற எங்களுக்கு ஈர்ப்பு குறைவு, வன்னியில 9.78, லண்டனில 9.81. அப்ப இஞ்ச சரிபார்த்த ஒரு வில்லுத் தராசை லண்டனுக்குக் கொண்டு போனா உங்கட 20 கிலோ அங்க 60 கிராம் சொச்சம் கூடவெல்லோ காட்டோணும், குறையக்கூடாதே! அதோட அங்கத்தைத் தராசு அங்கத்தை ஈர்ப்புக்குச் சரிசெய்ததா இருக்கும், அதால 20 எண்டா 20தான் காட்டும். டிஜிட்டல் தராசும் உள்ளுக்க நிறையைத்தான், அதாவது கீழ இழுக்கிற விசையைத்தான் உணருது, பேந்து அதைக் கிலோவாக்கித் திரையில போடுது. ரெண்டு தட்டுத் தராசுக்கு இந்தப் பிரச்சினையே இல்லை, படிக்கல்லையும் சாமானையும் ஒரே ஈர்ப்புத்தான் இழுக்கும், சந்திரனுக்குக் கொண்டு போனாலும் சரியாத்தான் காட்டும்.

ஒடியல்மா இஞ்சத்தை ஈரக்காத்தில இருந்து அங்க ஹீற்றர் போட்ட வீட்டுக்குப் போனா கொஞ்சம் ஈரம் இழக்கும், அதுவும் கட்டிப் பூட்டின பையில பெரிசா இராது. ஒரு கிலோ குறைஞ்சிருந்தா புழுக்கொடியலை எண்ணிப் பாக்கச் சொல்லுங்கோ அம்மா, ஈர்ப்புக்குப் புழுக்கொடியலில அவ்வளவு ஆசை இல்லை.

கேள்வி: சாதாரண தரம் படிக்கிறன் சேர். கிலோகிராமுக்கு ஒரு உலோகக் கட்டை பிரான்சில இருக்குதெண்டு அக்காவின்ர பழைய கொப்பியில இருக்கு, எங்கட ரீச்சர் அது இப்ப இல்லை எண்டுறா. ஆர் சொல்லுறது சரி?
– மாணவி, முள்ளியவளை

பதில்: ரெண்டு பேரும் சரி பிள்ளை, அக்கா படிச்ச வருசம் வேற. பாரிஸ் நகரத்துக்குப் பக்கத்தில செவ்ர் எண்ட இடத்தில பிளாற்றினமும் இரிடியமும் கலந்த ஒரு உருளைக் கட்டை, உயரமும் குறுக்களவும் 39 மில்லிமீற்றர், 1889இல இருந்து அதுதான் கிலோகிராம். அதைப்போலவே செய்த பிரதியள் நாட்டுக்கு நாடு குடுத்தவை. கன வருசத்துக்கு ஒருக்கா எல்லாத்தையும் கொண்டு வந்து ஒப்பிட்டுப் பாத்தா, நூறு வருசத்தில தாய்க்கட்டைக்கும் பிரதியளுக்கும் இடையில 50 மைக்கிரோகிராம் அளவில வித்தியாசம் வந்திட்டுது. பிரதி பாரம் கூடினதோ தாய் பாரம் குறைஞ்சதோ எண்டு சொல்லவும் வழியில்லை, ஏனெண்டா தாய்க்கட்டை எவ்வளவு இருந்தாலும் அதுக்குப் பேர் ஒரு கிலோதானே, பிழையெண்டு அதைச் சொல்ல வேற அளவு இல்லை! அதால 2019 மே 20இல இருந்து கிலோகிராமைக் கட்டையில இருந்து அவிட்டு பிளாங்கின் மாறிலி எண்ட ஒரு இயற்கை எண்ணோட கட்டியாச்சு. கட்டை இப்பவும் அங்கதான் இருக்குது, வேலைதான் போட்டுது. சோதினையில கேட்டா திணிவுக்குக் கிலோகிராம், நிறைக்கு நியூட்டன் எண்டு எழுதுங்கோ, கடையில மட்டும் நியூட்டனில சீனி கேக்காதேங்கோ.

கேள்வி: ஆனையிறவு உப்பளத்தில ஒரு கண்ணாடிக் குழாயைத் தண்ணியில மிதக்கவிட்டு 'இப்ப 24 பாகை' எண்டு சொல்லுறதைக் கேட்டன். வெக்கையை அளக்கிறதெண்டு நினைச்சன், ஆனா தண்ணி அவ்வளவு குளிர் இல்லையே?
– வாசகர், பளை

பதில்: நல்லாக் கவனிச்சிருக்கிறியள் தம்பி. அது வெப்பமானி இல்லை, நீர்மானி. 24 எண்டது போமே பாகை, அந்துவான் போமே எண்ட பிரெஞ்சு மருந்தாளர் 1768இல செய்த அளவு. குழாயின்ர அடியில பாரம், மேல மெல்லிய தண்டு, தண்டில கோடு. தண்ணி அடர்த்தி கூடக் கூட குழாய் மேல கிளம்பும், கோட்டைப் பாத்து வாசிக்க வேண்டியதுதான். நல்ல தண்ணிக்கு 0, கடல் தண்ணிக்கு மூண்டரை அளவு.

உப்பு விளைவிக்கிற ஆக்களுக்கு இந்தக் குழாய்தான் கண். கடல் தண்ணியில கறியுப்பு மட்டும் இல்லை, ஒரு லீற்றரில 35 கிராம் அளவு உப்புச் சாமான் இருந்தா அதில 27 கிராமளவுதான் கறியுப்பு, மிச்சத்தில கல்சியம், மக்னீசியம் உப்புகள் கிடக்குது. வெயிலில தண்ணி வத்தேக்க அது எல்லாம் ஒரே நேரத்தில படியாது. போமே 13, 14 வரேக்க கல்சியம் சல்பேற்று, அதுதான் ஜிப்சம், படியத் தொடங்கும், அதை ஒரு பாத்தியிலயே விட்டிட்டுத் தண்ணியை அடுத்த பாத்திக்குத் திறந்து விடுவினம். 25 கிட்ட வந்தாத்தான் கறியுப்பு படியும், அந்த நேரம் தண்ணி முதல் இருந்ததில பத்தில ஒரு பங்குதான் இருக்கும், அடர்த்தி 1.2. நீங்கள் கேட்ட 24 எண்டா நாளைக்கோ நாளையிண்டைக்கோ விளையப்போகுது எண்டு அர்த்தம். 29, 30 ஆகேக்க மிச்சத் தண்ணியை வெளிய விட்டிடோணும், ஆசைப்பட்டு இன்னும் வத்தவிட்டா மக்னீசியம் உப்பு வந்து சேரும், உப்புக் கசக்கும், அதோட காத்தில இருக்கிற ஈரத்தை இழுத்து மாரியில சாடிக்குள்ள உப்பு அழும். மலிவு உப்பு வாங்கி அது தண்ணியா வடியிறதைப் பாத்திருப்பியள், கனக்க இதுதான் விசயம். இவ்வளவையும் ருசி பாத்தும் பிடிக்கலாம் எண்டு சொல்லுவினம், நான் குழாயைத்தான் நம்புவன்.

கேள்வி: பில்ட்டர் விக்க வந்த ரெண்டு பெடியள் எங்கட கிணத்துத் தண்ணிக்குள்ள ரெண்டு கம்பியை விட்டு கறண்ட் குடுத்தாங்கள். தண்ணி மண்ணிறமா ஊத்தையாப் போச்சு. தங்கட பில்ட்டர் தண்ணியில செய்தாங்கள், ஒண்டும் ஆகேல்லை. பேந்து பேனை மாதிரி ஒரு மீற்றரை வைச்சு உங்கட தண்ணி 600 எண்டாங்கள். பயந்து போய் இருக்கிறம்.
– குடும்பத் தலைவி, நெடுங்கேணி

பதில்: பயப்பிடாதேங்கோ, காசும் குடுக்காதேங்கோ, முதல் இதை வாசியுங்கோ. அந்தக் கம்பியில ஒண்டு இரும்பு. கறண்ட் போகேக்க இரும்பு கரைஞ்சு துருவாகித் தண்ணியில விழும், நீங்கள் பாத்த மண்ணிறம் அந்தக் கம்பியின்ர ஊத்தை, உங்கட கிணத்தின்ர ஊத்தை இல்லை. பில்ட்டர் தண்ணியில ஏன் வரேல்லை எண்டா அதில உப்புச் சாமான் எல்லாம் எடுபட்டதால கறண்ட் ஓடாது, கறண்ட் ஓடாட்டி கம்பி கரையாது. அவங்கட தண்ணிக்குள்ள ஒரு சிட்டிகை கறியுப்புப் போட்டிட்டுத் திரும்பக் கறண்ட் குடுக்கச் சொல்லுங்கோ, உங்கட தண்ணியைத் தோற்கடிக்கும்.

பேனை மீற்றரும் கறண்ட் கதைதான். தண்ணி எவ்வளவு மின்னைக் கடத்துதெண்டு பாத்து, அதில கரைஞ்சு கிடக்கிற சாமான் லீற்றருக்கு இவ்வளவு மில்லிகிராம் எண்டு ஊகிக்குது. 600 எண்டா தண்ணி கொஞ்சம் சவர், கேத்திலில வெள்ளைப் படை பிடிக்கும், சவுக்காரம் நுரைக்கப் பஞ்சிப்படும், எங்கட பக்கத்துக் கிணறு கனக்க அப்பிடித்தான். கரைஞ்சிருக்கிறது என்ன சாமான் எண்டு அந்த மீற்றருக்குத் தெரியாது. புளோரைட்டு லீற்றருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல போகக்கூடாதெண்டு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, அது 3 ஆனாலும் 600 எண்ட இலக்கம் அசையாது. கிருமி லட்சக்கணக்கில இருந்தாலும் காட்டாது. வவுனியாப் பக்கம் சிறுநீரக வருத்தம் இருக்கிறதால உங்கட பயம் நியாயம்தான், அதுக்குத்தான் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையிட்டக் கேட்டு ஆய்வுகூடத்தில புளோரைட்டு, வன்மை, கிருமி எண்டு தனித்தனியாப் பாப்பிக்கச் சொல்லுறன். அந்தக் கடதாசி கையில வந்த பிறகு எந்தப் பில்ட்டர் வேணும், இல்லாட்டி வேணுமோ எண்டதைப் பாக்கலாம்.

கேள்வி: பழைய நகையை மாத்தப்போறன். வீட்டில தண்ணிக்குள்ள நிறுத்து 22 கரட்டோ எண்டு கண்டுபிடிக்கலாமோ?
– வாசகி, கிளிநொச்சி

பதில்: ஆக்கிமிடீசு செய்த வேலைதான், தத்துவம் சரி, உங்கட சமையல் தராசுதான் காணாது. 22 கரட் எண்டா நூறில 91.6 பங்கு பொன். தனிப்பொன்னின்ர அடர்த்தி 19.3, செம்பு 9 கிட்ட, வெள்ளி 10.5, அதால கலந்த 22 கரட் 17.7 அளவில வரும். ஒரு பவுண் 8 கிராம், அதை நூலில கட்டித் தண்ணிக்குள்ள தொங்கவிட்டா 0.45 கிராம் குறைஞ்சு காட்டும். 5 பவுண் சங்கிலி எண்டா 2.26 கிராம் குறையோணும், அதே பாரத்தில 18 கரட் எண்டா 2.6 கிட்டக் குறையும். அந்த 0.3 கிராம் வித்தியாசத்தில தான் உங்கட முழு வழக்கும் நிக்குது, அதுக்குக் கிராமில நூறில ஒரு பங்கு காட்டுற தராசு வேணும். கல்லு வைச்சது, உள்ள அரக்கு நிரப்பினது, இடுக்கில காத்துக் குமிழ் ஒட்டினது எல்லாம் கணக்கைக் குழப்பும். அதோட தங்குதன் எண்ட உலோகத்தின்ர அடர்த்தி 19.25, பொன்னுக்கு மிச்சம் கிட்ட, அதை உள்ள வைச்சு மேல பொன் பூசினா ஆக்கிமிடீசும் கையை விரிக்க வேண்டியதுதான். எக்ஸ் கதிர் மிசின் உள்ள கடையில ஒரு தரம், உரைகல்லு வைச்சிருக்கிற ஆசாரியிட்ட ஒரு தரம் பாப்பியுங்கோ, மிசின் மேல் தோலைத்தான் பாக்கும், அதால ரெண்டும் வேணும்.

மிச்சம் கெதியா:

விதைநெல்லை உப்புத்தண்ணியில போடேக்க முட்டை எதுக்கு எண்டு துணுக்காய் வாசகர் கேட்டிருக்கிறார். முட்டைதான் அங்க நீர்மானி. புது முட்டை நல்ல தண்ணியில தாளும், உப்பைக் கரைச்சுக்கொண்டு போக ஒரு கட்டத்தில மேல வந்து ஒரு சின்ன வட்டம் வெளிய தெரிய நிக்கும், அப்ப தண்ணியின்ர அடர்த்தி 1.1 அளவில. அதில மிதக்கிற நெல்லு சப்பி, அரைச்சப்பி, தாளுறது விதைக்கு. பழைய முட்டை எண்டா உள்ள காத்துக் கூடி நல்ல தண்ணியிலயே மிதக்கும், உப்பே போடாமல் விதை தெரிஞ்சமாதிரி முடியும். தெரிஞ்ச நெல்லை நல்ல தண்ணியில ரெண்டு மூண்டு தரம் கழுவாமல் விட்டா முளைக்காது.

நுவரெலியாவில பருப்பு அவியப் பஞ்சிப்படுதெண்டு அங்க வேலைக்குப் போன புளியங்குளத்துத் தம்பி எழுதியிருக்கிறார். 1,868 மீற்றர் உயரத்தில காத்தமுக்கம் குறைவு, தண்ணி 94 பாகையிலயே கொதிக்கத் தொடங்கிடும், அடுப்பை எவ்வளவு எரிச்சாலும் அதுக்கு மேல சூடேறாது. பிறஷர் குக்கர் வாங்குங்கோ, அது 120 கிட்டக் கொண்டு போகும்.

கொக்கிளாய்க் கடற்கரைக் கறுப்பு மண்ணைக் காந்தம் தூக்குதே, இரும்போ எண்டு ஒரு சின்னப் பிள்ளை. முழு இரும்பில்லை, கூடுதலா இல்மனைற்று, இரும்பும் தைத்தானியமும் ஒட்சிசனும் சேர்ந்தது. அடர்த்தி 4.7, வெள்ளை மண் 2.65, அதால அலை வெள்ளையை அள்ளிக்கொண்டு போகக் கறுப்பு கரையில தங்குது. பக்கத்தில புல்மோட்டையில முதல் தண்ணியால பாரத்தைப் பாத்துப் பிரிச்சு, பேந்து காந்தத்தால இல்மனைற்றை எடுத்து, மிச்சத்தில மின்னைக் கடத்துற ரூற்றைல் எண்ட கனியத்தையும் கடத்தாத சேர்க்கன் எண்ட கனியத்தையும் மின்னாலயே பிரிக்கினம். சின்னக் காந்தத்தில துள்ளி ஒட்டுறது மக்னரைற்று எண்ட இரும்புக் கனியமாத்தான் இருக்கும், இல்மனைற்றுக்கு நல்ல பலமான காந்தம் வேணும், பழைய ஸ்பீக்கர் காந்தத்தால ஒருக்காப் பாத்திட்டு எழுதுங்கோ. அந்தக் கறுப்பு மண்ணில இருந்துதான் சுவருக்கு அடிக்கிற வெள்ளைப் பெயின்றுக்கு வெள்ளை நிறம் எடுக்கிறது.